திருகோணமலைப் பாடசாலைகளில் உணவுக் கல்வி: எதைக் கற்பிப்பது, யாருக்குக் கற்பிப்பது?

நிலாவெளி ஆசிரியை எழுதியது:

வணக்கம். நிலாவெளிப் பக்கத்திலுள்ள ஒரு பாடசாலையில் மனைப்பொருளியல் கற்பிக்கிறேன். அடுத்த தவணையில் எங்கள் சுகாதாரக் கழகம் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் உணவு பற்றிய தொடர் வகுப்புகளை நடத்தவிருக்கிறது. அதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருப்பதால், இங்குள்ள பெரியவர்களிடமும் துறை அனுபவம் உள்ளவர்களிடமும் ஆலோசனை கேட்கிறேன்.

இத்தகைய வகுப்புகள் எங்களுக்குப் புதியவை அல்ல. உணவுக் கூம்பகத்தின் படம் வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது. எந்த விற்றமின் குறைந்தால் எந்த நோய் வரும் என்பதைத் தரம் எட்டு மாணவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதே மாணவர்களின் சாப்பாட்டுப் பெட்டியை இடைவேளையில் திறந்து பார்த்தால், மார்ஜரின் தடவிச் சீனி தூவிய பாண், உடனடி நூடில்ஸ், அல்லது வெள்ளைச் சோற்றின் மேல் பொரித்த சொசேஜ் என்றுதான் இருக்கிறது. வெறும் தேநீரைக் குடித்துவிட்டு வந்து காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளும் உண்டு. இந்நாட்டில் நிகழும் மரணங்களில் 10 இல் ஏறத்தாழ 8 இதயநோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் நிகழ்கின்றன என்பதை நினைக்கும்போது, இது பரீட்சையோடு முடிந்துவிடும் பாடமாக இருக்கக் கூடாது என்று மனமார விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

ரீச்சர், உங்கள் அக்கறைக்கு முதலில் நன்றி. பல ஆண்டுகள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் கிளினிக்குகளில் வேலை செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். விற்றமின்களின் பெயர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, அளவிலிருந்து தொடங்குங்கள். எங்கள் சனங்கள் உண்பவற்றில் பெரும்பாலானவை நல்ல உணவுகளே. பிழை இருப்பது பெரும்பாலும் ஒன்றுக்கொன்று உள்ள விகிதத்தில்தான். ஒரு வீட்டுக் கோப்பையில் முக்கால்வாசிக்குச் சோறும், ஓரத்தில் ஒரு மேசைக்கரண்டி பருப்பும், மீன் துண்டு ஒன்றும், பெயருக்குச் சிறிது மரக்கறியும் இருந்தால், அங்கே புதிதாக எதையும் வாங்கச் சொல்லத் தேவையில்லை. கோப்பையின் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் விட்டு, கால்வாசியைச் சோற்றுக்கும், எஞ்சிய கால்வாசியை மீன், முட்டை, பருப்பு, கடலை ஆகியவற்றுக்கும் கொடுக்கும்படி பிள்ளைகளையே கையால் பரிமாற வையுங்கள். படத்தில் பார்த்ததைவிடக் கையால் பரிமாறியது நீண்ட காலம் நினைவில் நிற்கும்.

அடுத்ததாகச் சீனி. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 5 கிராம். இரண்டு கரண்டி போட்ட தேநீரை நாளொன்றுக்கு ஐந்து முறை குடிப்பவர் (நம் ஊரில் இது அதிகமே அல்ல) தேநீரிலேயே 50 கிராம் சீனியை எடுத்துவிடுகிறார். உணவில் சேர்க்கப்படும் சீனியிலிருந்து கிடைக்கும் சக்தி மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு அது இதே 50 கிராம்தான். அதிலும் பாதியாகக் குறைத்தால் மேலும் நன்மை உண்டு என்கிறார்கள். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதாமல், ஒரு கண்ணாடிக் குவளைக்குள் கரண்டி கரண்டியாகச் சீனியை அள்ளிப் போட்டுக் காட்டுங்கள்.

குளிர்பானப் போத்தல்களையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். 2016 இல் வந்த ஒழுங்குவிதியின்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 க்குக் குறைந்தால் பச்சை என்று நிறக் குறியீடு இடப்பட்டது. அது 100 மில்லிலீற்றருக்கு உரிய கணக்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 10 கிராம் உள்ள செம்மஞ்சள் பானத்தை 400 மில்லிலீற்றர் குடித்தால் வயிற்றுக்குள் போவது 40 கிராம் சீனி. தரம் ஆறு பிள்ளைக்குக்கூட இந்தப் பெருக்கல் தெரியும். பெற்றோருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கப் போகிறவரும் அந்தப் பிள்ளைதான்.

உப்புவெளித் தாய் எழுதியது:

அக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒரு விடயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மரக்கறி நல்லது என்பது தெரியாமல் எந்தத் தாயும் பிள்ளைக்குப் பாணும் சீனியும் கட்டிக் கொடுப்பதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைக் கடந்தபோது, எங்கள் வீட்டில் முதலில் நின்றது பால்மா, அடுத்து முட்டை, பிறகு மீன். அந்த ஆண்டு நிறுத்தியவற்றில் சில இன்றுவரை திரும்பி வரவில்லை. என் கணவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். வெளிநாட்டவர் வரும் மாதங்களில் வருமானம் உண்டு, மழைக்காலத்தில் இல்லை. இந்த நிலையில் கோப்பையில் பாதியை மரக்கறியால் நிரப்புங்கள் என்றால், போஞ்சியும் கரட்டும் விற்கும் விலையை நினைத்துத்தான் மனம் சோர்கிறது. கற்பிக்க வருபவர்கள் எங்களிடம் அறிவு குறைவு என்று கருதி வரக் கூடாது. விலையோடு சேர்த்துச் சொல்லட்டும், நாங்கள் கேட்கிறோம்.

திருக்கடலூர் வாசி எழுதியது:

தங்கச்சி சொல்வது முழுக்க நியாயம். விலையைப் பேசாத உணவுக் கல்வி பாதிக் கல்விதான். எங்கள் குடும்பம் கடற்றொழில் செய்வது, எனவே மீனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அறக்குளாவும் பாரையும் விலை கூடியவை, அவற்றைத் தொட முடியாது என்பதற்காக மீனையே விட்டுவிடுகிறார்கள். அதே கரையில் சூடை, கீரி, நெத்தலி வலையோடு வந்து இறங்குகின்றன. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் பட்டால், மற்ற மீன்களின் விலைக்குப் பக்கத்திலும் வராது. பெரிய மீனைத் துண்டு போட்டு முள்ளை எறிந்துவிடுகிறோம். நெத்தலியையும் சிறிய சூடையையும் முள்ளோடு மென்று தின்னலாம், அந்த முள்ளில்தான் கல்சியம் இருக்கிறது. இதயத்துக்கு நல்லதென்று மாத்திரையாக விற்கும் ஒமேகா-3 கொழுப்பும் இந்த மீன்களிலேயே நிறைய உண்டு. இவ்வளவு நல்ல மீனை மாவில் பிரட்டி நிறைந்த எண்ணெயில் பொரிப்பதுதான் மனதுக்குக் கவலை. புளியும் மிளகும் சேர்த்து வற்றக் காய்ச்சினால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்கூடத் தேவையில்லை. மறுநாளும் பழுதாகாமல் இருக்கும், ருசியும் கூடும்.

வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், தோணி இறங்காது, மீன் விலை ஏறும். அப்போது எல்லா வீட்டிலும் கருவாடுதான். கருவாட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அதனாலேயே எங்கள் வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி என்பதுதான் எல்லை என்கிறார்கள். எனவே கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, இன்னொரு முறை கழுவிய பிறகு, கறியில் வேறு உப்புச் சேர்க்காமல் கத்தரிக்காயோடோ முருங்கைக்காயோடோ சமைக்கலாம். இதை ரீச்சர் பாடத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டைக் கிழமைக்கு ஒரு முறையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தம்பலகாமத்து விவசாயி எழுதியது:

சோற்றைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் நெல்லை நாங்கள் ஆலைக்குக் கொண்டுபோகிறோம். அங்கே உமியோடு தவிடும் சேர்ந்து போய், கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக அரிசி வெளியே வருகிறது. நார்ச்சத்தும் பி வகை விற்றமின்களும் உள்ள அந்தத் தவிட்டை மாட்டுக்கும் கோழிக்கும் போடுகிறோம். மிஞ்சிய வெள்ளை அரிசியைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். வெள்ளை அரிசிச் சோறுதான் மரியாதை என்ற எண்ணம் கலியாண வீட்டிலிருந்து வீட்டுச் சமையலுக்கும் வந்துவிட்டது.

தீட்டாத சிவப்பு அரிசியை எல்லோராலும் வாங்க முடியாது, சிலருக்குச் செமிக்கவும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் புழுங்கல் அரிசி நல்ல வழி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. ஆலைக்காரரிடம் குறைவாகத் தீட்டித் தரச் சொல்லிக் கேட்கவும் முடியும். நாம் கேட்காததால்தான் அவர்களும் செய்வதில்லை. இங்கே கோதுமை விளைவதில்லை, சீனக்குடாவில் அரைபடும் கோதுமை முழுவதும் கப்பலில் வருகிறது. நெல் விளையும் ஊரில் காலையும் மாலையும் பாணும் பரோட்டாவும் உண்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பாணை ஒழித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய உதவி என்பது எனக்குத் தெரியும்.

கிண்ணியாச் சகோதரன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். யாருக்குக் கற்பிப்பது என்ற கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை, சகோதரி. எங்கள் ஊர்ப் பக்கத்தில் சந்தைக்குப் போவது பெரும்பாலும் ஆண்கள். எதை வாங்குவது என்று முடிவு செய்பவர் வாப்பா, அதைச் சமைப்பவர் உம்மா. ஆனால் பாடசாலைக் கூட்டத்துக்கு வருவதும், கிளினிக்கில் அறிவுரை கேட்பதும் உம்மா மட்டும்தான். மாலையில் வேலை முடிந்து வரும்போது பிள்ளைகளின் ஆசைக்காக ஒரு பெரிய சோடாப் போத்தலையும் ரோல்ஸ் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு வருபவரை யாரும் கூப்பிட்டுப் பேசுவதில்லை. தந்தையர் வகுப்புக்கு வர மாட்டார்கள் என்றால், வகுப்பு அவர்களிடம் போக வேண்டும்: மீனவர் சங்கக் கூட்டம், பள்ளிவாசல், கோவில் பரிபாலன சபை, முச்சக்கரவண்டித் தரிப்பிடம்.

நோன்பு மாதம் இதற்கு மிகவும் ஏற்றது. பகல் முழுவதும் நோன்பிருந்துவிட்டு, பொரித்த பண்டங்களாலும் சீனி நிறைந்த சர்பத்தாலும் நோன்பு திறப்பது வழக்கமாகிவிட்டது. பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு அரிசியும் இறைச்சியும் சிறிது வெந்தயமும் சேர்த்துக் காய்ச்சிய நோன்புக் கஞ்சி என்ற எங்கள் பழைய ஒழுங்கே உடலுக்குப் போதுமானது. அதையே பள்ளிவாசலில் இருந்து சொன்னால் வீடுகளில் கேட்பார்கள். கோவில் அன்னதானத்திலும் இதே போல ஒரு கீரையைச் சேர்க்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: கிளினிக்கில் தரும் திரிபோஷா என்ற சத்துமாப் பொதியை வீட்டிலுள்ள எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கிறார்கள். 750 கிராம் பொதி, நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் கர்ப்பிணித் தாய்க்கோ எடை குறைந்த பிள்ளைக்கோ உரியது. பகிர்ந்தால் யாருக்கும் பயன் இல்லை. இதையும் தந்தையருக்குச் சொல்லுங்கள், ஏனென்றால் தாய் தன் பங்கைத் தானாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

சித்த மருத்துவ மாணவி எழுதியது:

கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் கற்கிறேன். போஞ்சி, கரட் விலையைப் பற்றி உப்புவெளி அக்கா எழுதியதைப் படித்தபோது, அவர் வீட்டு வேலியில் முருங்கை நிற்கிறதா என்று கேட்கத் தோன்றியது. முருங்கை இலை, அகத்தி, முசுட்டை, வல்லாரை, பொன்னாங்கண்ணி ஆகியவை நம் வளவுகளிலும் வேலிகளிலும் காசின்றியோ மிகக் குறைந்த விலைக்கோ கிடைக்கின்றன. மலைநாட்டு மரக்கறிதான் மரக்கறி என்ற எண்ணத்தை மாற்றுவதே பாதிச் செலவைக் குறைத்துவிடும்.

வகுப்பிலேயே செய்து காட்டக்கூடிய முருங்கை இலை வறை ஒன்றைச் சொல்கிறேன். இலையைக் காம்போடு நன்றாகக் கழுவி, நீர் வடிந்த பின் உருவிக்கொள்ளுங்கள். உருவிய அல்லது அரிந்த பிறகு கழுவினால் நீரில் கரையும் சத்துகள் நீரோடு போய்விடும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு சிட்டிகை மஞ்சள் ஆகியவற்றைச் சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கி, இலையைப் போட்டு, கையால் தெளித்த நீரில் சில நிமிடம் மூடி வையுங்கள். பச்சை நிறம் மாறுவதற்குள் தேங்காய்ப்பூவைத் தூவிப் பிரட்டி இறக்கி, அடுப்பிலிருந்து எடுத்த பிறகு தேசிக்காயைப் பிழியுங்கள். கீரையில் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேராது; தேசிக்காயின் விற்றமின் சி அதைச் சேரச் செய்கிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரோ அதற்கு நேர்மாறாக இரும்பைத் தடுத்துவிடும். இரத்தச்சோகைக்கு மாத்திரை எடுக்கும் பெண்களும் வளர்ந்த பெண் பிள்ளைகளும் தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளிவைக்க வேண்டும். இதற்கு ஒரு சதம்கூடச் செலவில்லை.

அதோடு என் துறை சார்ந்து ஓர் எச்சரிக்கை. பாகற்காய்ச் சாறு குடித்தால் நீரிழிவு மாத்திரையை நிறுத்தலாம் என்று சமூக ஊடகங்களில் பரவுவதை நம்பாதீர்கள். உணவு மருந்துக்குத் துணையாக இருக்கும். மாத்திரையை நிறுத்துவதை வைத்தியர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். மாத்திரையோடு சேர்த்து இத்தகைய சாறுகளை அளவின்றிக் குடித்தால் சீனி மட்டம் ஆபத்தான அளவுக்கு இறங்கவும் கூடும். குரக்கனும் அப்படித்தான். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உள்ள அருமையான தானியம் அது, தீட்டிய அரிசியில் அது ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். ஆனாலும் குரக்கன் மாப்பொருள் உள்ள உணவே. குரக்கன் பிட்டு என்பதற்காக இரண்டு மடங்கு உண்டால் இரத்தச் சீனி ஏறத்தான் செய்யும்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

மகள் எழுதிய கடைசிப் பந்தியை அச்சிட்டு ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒட்ட வேண்டும். கிளினிக்கில் நான் கண்ட துயரங்களில் பெரியது, மாத்திரையை நிறுத்திவிட்டுக் காலில் புண்ணோடு வருபவர்கள். 35 வயதைக் கடந்த பெற்றோர் எல்லோரையும், நோய் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், பக்கத்திலுள்ள அரச வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்குப் போய் அழுத்தம், சீனி, உடல் நிறை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும்படி ரீச்சர் வகுப்பிலேயே சொல்லலாம். அது இலவசம்.

சிற்றுண்டிச்சாலை நடத்துபவர் எழுதியது:

வணக்கம் ரீச்சர். ஒரு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது, குளிர்பானமும் இனிப்புப் பண்டங்களும் விற்பதில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே அவை எல்லாம் கிடைக்கும்போது, பிள்ளைகள் மணி அடித்ததும் அங்கேதான் ஓடுகிறார்கள். என் தட்டில் மிஞ்சும் கடலைக்கு யார் பணம் கொடுப்பது? குத்தகைப் பணமும் எரிவாயு விலையும் என் தோளில்தான் இருக்கின்றன.

அவித்த கடலையில் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொடுத்தால் பிள்ளைகள் விரும்பித்தான் உண்கிறார்கள். இலைக்கஞ்சியை யாரும் தொடுவதில்லை என்று நினைத்திருந்தேன். ஆசிரியர்கள் முதலில் வந்து குடிக்கத் தொடங்கியதும் மேல் வகுப்பு மாணவர்களும் வந்தார்கள். ஆகவே பாடத்தோடு சேர்த்து, ஆசிரியர் அறையிலும் மாற்றம் வர வேண்டும். கூட்டங்களுக்கு ஓடர் கொடுக்கும்போது கேக்கும் சோடாவும் கேட்காமல் கடலையும் வாழைப்பழமும் கேட்டால், என் வியாபாரமும் நடக்கும், பிள்ளைகளும் பார்ப்பார்கள். வடக்கிலே விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு பெண்கள் நடத்தும் 'அம்மாச்சி' உணவகங்களில் சனம் வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நல்ல உணவு விற்காது என்பது உண்மையல்ல. சுடச்சுட, கண்முன்னே, கட்டுப்படியான விலைக்குக் கிடைக்க வேண்டும்.

உப்புவெளித் தாய் எழுதியது:

தங்கச்சி கேட்டதற்குப் பதில்: முருங்கை நிற்கிறது. காயைத்தான் பறிக்கிறோம், இலையை ஆட்டுக்குப் போடுகிறோம். நெத்தலி, முருங்கை இலை, கடலை என்று நீங்கள் எல்லோரும் விலையோடு எழுதியிருப்பதால் மனம் ஆறுதலாக இருக்கிறது. வகுப்புக்கு நானும் வருகிறேன், என் கணவரையும் அழைத்து வருகிறேன். ஒரு சந்தேகம்: குரக்கன் பிட்டைக் காலையில் கட்டிக் கொடுத்தால் இடைவேளைக்குள் கல்லாகிவிடுகிறது, பிள்ளை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறான். என்ன செய்யலாம்?

நிலாவெளி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றைக் கொண்டு வகுப்பின் ஒழுங்கை மாற்றிவிட்டேன். முதல் நாள் சீனியையும் உப்பையும் கரண்டியால் அளப்பது, கோப்பையில் பரிமாறுவது, அடுத்து, மாணவர்கள் சந்தைக்குப் போய் அன்றைய விலைகளை எழுதிக்கொண்டு வந்து, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு நாள் உணவைத் தாங்களே திட்டமிடுவது, பிறகு சமையல். தந்தையருக்கான சந்திப்பைப் பாடசாலையில் வைக்காமல், திருக்கடலூர் ஐயாவைப் போன்றவர்களின் உதவியோடு மீனவர் சங்கக் கட்டடத்தில், தோணி கடலில் இறங்காத ஒரு நாளில் வைக்க அதிபரிடம் அனுமதி கேட்கப் போகிறேன். ஆசிரியர் அறைத் தேநீரில் சீனியைத் தனியாக வைப்பது என்று நாளையே பேசுகிறேன்.

உப்புவெளி அம்மாவின் கேள்விக்கு: குரக்கன் மாவைத் தனியே பயன்படுத்தாமல் வறுத்த அரிசி மாவுடன் சரிபாதி கலந்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துக் குழையுங்கள். தேங்காய்ப்பூவை இடையிடையே தூவாமல் மாவோடு கலந்தே அவியுங்கள். அவிந்ததும் ஆவி அடங்கும்வரை பரப்பி வைத்து, இளஞ்சூட்டில் வாழையிலையில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். கறி தேவையில்லை என்றால் ஒரு வாழைப்பழத்தைக் கூட வையுங்கள், பிள்ளை பிசைந்து உண்ணட்டும்.